எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று முடிவு கட்டும் முன்

பழைய கம்ப்யூட்டர் ஒன்று ஆன் ஆகவில்லை என்றால் பழி நேராக எஸ்எம்பிஎஸ் தலையில்தான், அதாவது கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளையின் தலையில்தான் விழும். "சப்ளை போயிருச்சு, வேற போட்டுடு" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் மீட்டரைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். என்னிடம் வந்த பழைய பெட்டிகளைப் பார்த்தவரை, சப்ளை நின்றுபோவது வேறு, கெட்டுப்போவது வேறு. பல நேரம் அது நன்றாகத்தான் இருக்கும். எங்கோ ஷார்ட் இருப்பதைக் கண்டுகொண்டு, இதற்கு மேல் ஓட மாட்டேன் என்று தானே நின்றிருக்கும். அது தெரியாமல் மூடியைக் கழற்றி, கண்ணில் பட்ட கெப்பாசிட்டரையெல்லாம் மாற்றுகிறவர்கள் கடைசியில் இரண்டு கோளாறோடு உட்கார்ந்திருப்பார்கள். முதலில் இருந்தது ஒன்று, புதிதாகப் பற்ற வைத்ததில் வந்தது இன்னொன்று.

இங்கே நான் எழுதுவது ஒரு எக்ஸ்டி குளோனின் சப்ளையைப் பற்றி. ஓர் ஆடிட்டர் அலுவலகத்தின் பரணில் கிடந்த பெட்டி. 8088 ரக பிராசசர், 640 கேபி மெமரி, 20 எம்பி ஹார்டு டிஸ்க். ஐபிஎம் 1983இல் கொண்டுவந்த எக்ஸ்டியைப் பார்த்து அப்படியே செய்த வகை. வலது பின் மூலையில் ஒரு தகரப் பெட்டி, அதன் பக்கவாட்டில் தடித்த சிவப்புச் சுவிட்ச். தட்டினால் 'டக்'கென்று சத்தம் வரும். இப்போதைய கம்ப்யூட்டர் சுவிட்ச் மதர்போர்டுக்கு ஒரு சேதி மட்டும் அனுப்பும். இது 230 வோல்ட்டையே நேராக வெட்டுகிற சுவிட்ச். லேபிளில் 150 வாட் என்று போட்டிருந்தது. ஐபிஎம்மின் முதல் பிசி 1981இல் வந்தபோது அதன் சப்ளை வெறும் 63.5 வாட், ஹார்டு டிஸ்க்கைச் சேர்த்து எக்ஸ்டி வந்தபோது 130 வாட் ஆக்கினார்கள். குளோன்காரர்கள் அதற்கு மேல் கொஞ்சம் கூட்டி விற்றார்கள்.

இப்போதைய கம்ப்யூட்டர்களுக்கான ஏடிஎக்ஸ் ரக சப்ளை ஒன்றை அடாப்டர் வயரோடு மாட்டினால் வேலை முடிந்தது என்று சிலர் சொல்வார்கள். முடியும்தான். ஆனால் புது சப்ளைகளில் மைனஸ் 5 வோல்ட் கிடையாது, சில பழைய கார்டுகளுக்கு அது வேண்டும். அந்தச் சிவப்புச் சுவிட்சும் சும்மா பொம்மையாகிவிடும். அதோடு, இந்தப் பழைய சப்ளைகள் ரிப்பேர் செய்வதற்கென்றே பிறந்த மாதிரி இருக்கும். எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற அளவில், கையால் பற்ற வைக்கக்கூடிய பாகங்கள்.

வேலையில் இறங்கும் முன் உயிர் விஷயம் ஒன்று. 230 வோல்ட் உள்ளே போய், ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் டயோடுகளைத் தாண்டியதும் சுமார் 325 வோல்ட் டிசி ஆகிவிடும். அது 200 வோல்ட் கெப்பாசிட்டர்கள் இரண்டில், ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்திருக்கும். சப்ளை நன்றாக ஓடிக்கொண்டிருந்து அணைத்தால் அந்தச் சார்ஜ் சீக்கிரம் வடிந்துவிடும். ஓடாத சப்ளையில்தான் வில்லங்கம். இழுத்துக் குடிக்க ஆளில்லாததால் சார்ஜ் அப்படியே நிற்கும். ஒவ்வொரு கெப்பாசிட்டர் குறுக்கிலும் 150 கிலோ ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள், அதுதான் மெல்ல மெல்ல வடிக்கும். 330 மைக்ரோஃபாரட் என்றால் நான்கைந்து நிமிடம் பிடிக்கும். அந்த ரெசிஸ்டர் விட்டுப்போயிருந்தால் எப்போது வடியும் என்று சொல்ல முடியாது. ஸ்குரூடிரைவரை வைத்துப் பொறி பறக்கவிடும் வித்தை வேண்டாம். ஒரு குண்டு பல்பு ஹோல்டரில் இரண்டு வயர் இழுத்து அதன் முனைகளை வைத்தால் பல்பு ஒரு கணம் மினுக்கி அடங்கும். அப்புறம் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆஸிலாஸ்கோப் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சப்ளையின் உள்பக்கப் பாதியில், அதாவது டிரான்ஸ்ஃபார்மருக்கு முந்தைய பக்கத்தில், மைனஸ் என்று இருப்பது எர்த் அல்ல. அங்கே ஸ்கோப்பின் எர்த் கிளிப்பைக் கடித்தால் மெயின்ஸ் நேராக எர்த்துக்குப் போய் எல்லாம் வெடிக்கும். ஸ்கோப் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிட்டுப் பார்க்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அப்படிச் செய்தால் ஸ்கோப்பின் வெளி உலோகமே ஷாக் அடிக்கும். மெயின்ஸை எர்த்தோடு தொடர்பில்லாமல் பிரித்துக் கொடுக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லையென்றால் அந்தப் பக்கம் ஸ்கோப்பைக் கொண்டுபோக வேண்டாம். போகாமலே நிறையக் கண்டுபிடிக்கலாம்.

சரி, பெட்டி என்ன சொன்னது? சிவப்புச் சுவிட்சைத் தட்டினால் விசிறி ஒரு துடிப்புத் துடித்து நின்றுவிட்டது. பீப் இல்லை, திரையில் எதுவும் இல்லை. அணைத்து, கொஞ்சம் பொறுத்து மறுபடி தட்டினால் அதே துடிப்பு.

இந்தத் துடிப்பு ஒரு நல்ல செய்தி. விசிறி 12 வோல்ட்டில் ஓடுவது. அது அசைந்தது என்றால் சப்ளை கிளம்பியிருக்கிறது, வோல்டேஜ் எழுந்திருக்கிறது, அப்புறம் எதையோ பார்த்து அணைந்திருக்கிறது. ஃபியூஸ் நன்றாக இருக்கிறது, பிரிட்ஜ் நன்றாக இருக்கிறது, ஸ்விட்சிங் டிரான்சிஸ்டர்களும் உயிரோடு இருக்கின்றன. மூடியைத் திறக்காமலே இவ்வளவும் தெரிந்துவிட்டது. ஆப்பிள் 2 மாதிரி வேறு சர்க்யூட் உள்ள சப்ளைகளில் இதே நிலைமை 'டிக், டிக்' என்று விட்டுவிட்டு வரும் சத்தமாகக் கேட்கும். (1977இல் வந்த அந்த ஆப்பிள் 2க்கு ராட் ஹோல்ட் செய்த 38 வாட் சப்ளைக்கு விசிறியே கிடையாது, ஹோம் கம்ப்யூட்டருக்குள் ஸ்விட்சிங் சப்ளை வந்த ஆரம்ப காலம் அது.)

அடுத்த வேலை சப்ளையையும் லோடையும், அதாவது அதிலிருந்து கரண்ட் இழுப்பவற்றையும், பிரிப்பது. மதர்போர்டுக்குப் போகும் பி8, பி9 என்ற இரண்டு கனெக்டர்களையும் கழற்ற வேண்டும், டிரைவ்களுக்குப் போகும் வயர்களையும் உருவ வேண்டும். திரும்ப மாட்டும்போது இரண்டு கனெக்டரின் கருப்பு வயர்களும் நடுவில் பக்கத்துப் பக்கத்தில் வர வேண்டும். மாற்றி மாட்டினால் மதர்போர்டுக்குத் திதி கொடுக்க வேண்டியதுதான்.

இங்கேதான் பலர் இடறுகிறார்கள். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு சப்ளையைத் தனியாக ஆன் செய்வார்கள். ஓடாது. "பார்த்தியா, சப்ளைதான் போச்சு" என்பார்கள். அந்தக் காலத்து சப்ளைகள் பலவும் சும்மா விட்டால் ஓடாது. குறைந்தபட்சம் கொஞ்சமாவது லோடு வேண்டும், முக்கியமாக 5 வோல்ட்டில். ஐபிஎம்மே 1984இல், எக்ஸ்டிக்கு அடுத்து வந்த ஏடி மாடலை ஹார்டு டிஸ்க் இல்லாமல் விற்றபோது, டிஸ்க் இருக்க வேண்டிய இடத்தில் 5 ஓம் 50 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் பொருத்தி அனுப்பியது, சப்ளைக்கு லோடு காட்டத்தான்.

நான் 5 வோல்ட்டுக்கு 2.2 ஓம் 25 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டர் ஒன்றை வைத்திருக்கிறேன். இரண்டே கால் ஆம்ப் இழுக்கும், 11 வாட் சூடு. வெறுங்கையால் தொட முடியாது. ஓட்டுத் துண்டு மேல் வைத்துவிடுவேன். 12 வோல்ட்டுக்கு பைக் இண்டிகேட்டர் பல்பு, 10 வாட். காரின் 21 வாட் பல்பைப் போட்டால், இழை குளிர்ந்திருக்கும்போது பல மடங்கு கரண்ட் இழுத்து, நல்ல சப்ளையைக்கூட ஷார்ட் என்று நினைக்கவைத்து அணைத்துவிடும். இண்டிகேட்டர் பல்பில் அந்தத் தொல்லை இல்லை, எரிகிறதா இல்லையா என்று பார்த்தவுடனே தெரியவும் செய்யும்.

மாட்டித் தட்டினேன். விசிறி ஓடியது, பல்பு எரிந்தது. சிவப்பு வயரில் 5.06, மஞ்சளில் 12.2, நீலத்தில் மைனஸ் 11.8, வெள்ளையில் மைனஸ் 5. சப்ளையில் ஒன்றுமே இல்லை. ஷார்ட் வெளியே இருக்கிறது.

மதர்போர்டில் கனெக்டர் பின்களுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஓம் பார்த்தால் கதை முடிந்தது. 5 வோல்ட் தடத்தில் பத்துப் பதினைந்து ஓம், அது சகஜம். 12 வோல்ட் தடத்தில் அரை ஓம்கூட இல்லை. கார்டுகளையெல்லாம் உருவிய பிறகும் அப்படியே. அந்தக் கால போர்டுகளைத் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம்: டான்டலம். ஸ்லாட்டுகளுக்குப் பக்கத்தில் மஞ்சள், நீல நிறங்களில் சொட்டு வடிவத்தில் நிற்கும் கெப்பாசிட்டர்கள். 12 வோல்ட் தடத்தில் 16 வோல்ட் டான்டலத்தைப் போட்டுவிடுவார்கள், அதற்கு மூச்சு விட இடமே இருக்காது. பல வருடம் கரண்ட் இல்லாமல் கிடந்துவிட்டு திடீரென்று வோல்டேஜ் ஏறும்போது ஷார்ட் ஆகும். சில நேரம் பட்டாசு மாதிரி வெடித்துத் தானே அடையாளம் காட்டும், இங்கே வெடிக்கவில்லை.

வரிசையாக நிற்கும் சொட்டுகளில் எது? ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது பழைய போர்டைக் கெடுக்கும் வழி. தடங்கள் எழுந்து வந்துவிடும். வேண்டிய வோல்டேஜும் கரண்ட் வரம்பும் வைத்துக்கொள்ளக்கூடிய பெஞ்ச் சப்ளையை 1 வோல்ட்டில், 1 ஆம்ப்புக்கு மேல் போகாதபடி வைத்து 12 வோல்ட் பின்னில் கொடுத்தேன். 12 வோல்ட்டுக்குப் பழகிய தடத்துக்கு 1 வோல்ட் ஒன்றும் செய்யாது. மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து ஒவ்வொரு கெப்பாசிட்டரின் இரண்டு காலுக்கும் நடுவே பார்த்துக்கொண்டே போக வேண்டும். ஷார்ட்டை நோக்கிப் போகப் போக எண் குறையும். மிகக் குறைந்த எண் எதன் கால்களுக்கு நடுவே வருகிறதோ அதுதான் ஆள். மூன்றாவது ஸ்லாட் ஓரத்தில் இருந்த நீலச் சொட்டு. விரல் நுனியை வைத்தால் இளஞ்சூடு. அதைக் கழற்றியதும் தடம் கிலோ ஓம் கணக்குக்கு ஏறியது. 10 மைக்ரோஃபாரட் 35 வோல்ட் ஒன்றைப் போட்டேன். டான்டலத்தில் குறி போட்டிருக்கும் கால் பிளஸ் என்பதை இங்கே மறக்கக் கூடாது; சாதா எலக்ட்ரோலிட்டிக்கில் குறி மைனஸுக்கு. பழக்கதோஷத்தில் மாற்றிப் போட்டால் புதுசும் உடனே போகும்.

பெட்டி பீப் கொடுத்தது. ஹார்டு டிஸ்க் ஊளையிட்டுக்கொண்டு சுற்றியது. கொஞ்ச நாள் எல்லாம் நன்றாகவே போனது.

அப்புறம் வந்தது உண்மையான சப்ளைக் கோளாறு. மழைக்காலக் காலையில் சுவிட்சைத் தட்டினால் ஒன்றுமே இல்லை. இந்த முறை விசிறி துடிக்கக்கூட இல்லை. திரும்பத் திரும்பத் தட்டினால் எப்போதாவது கிளம்பும். கிளம்பிவிட்டால் நாள் முழுக்க ஓடும். மதியத்தில் முதல் தட்டிலேயே கிளம்பும். போகப் போகக் கிளம்புவதே நின்றுவிட்டது.

இதற்கு உள்ளே திறக்க வேண்டும். இந்த வகை சப்ளையின் உள்ளமைப்பைக் கொஞ்சம் சொல்லிவிட்டால் மீதி தானாகப் புரியும். 325 வோல்ட்டை இரண்டு டிரான்சிஸ்டர்கள் மாறி மாறி வெட்டி பெரிய டிரான்ஸ்ஃபார்மருக்குள் அனுப்பும். 13007 போன்ற எண்கள் போட்டிருக்கும். எப்போது வெட்ட வேண்டும், எவ்வளவு நேரம் என்று சொல்வது டிஎல்494 என்ற 16 கால் ஐசி, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் செய்தது. கேஏ7500 என்று போட்டிருந்தாலும் அதே வேலைதான். ஐசி இருப்பது வெளிப்பக்கப் பாதியில். அதன் கட்டளை ஒரு சின்ன டிரைவர் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக உள்பக்கம் போகும்.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. ஐசிக்குத் தேவையான கரண்ட்டே பெரிய டிரான்ஸ்ஃபார்மர் ஓடினால்தான் வரும். டிரான்ஸ்ஃபார்மர் ஓட ஐசி சொல்ல வேண்டும். ஏடிஎக்ஸில் இதற்கென்று தனியாக ஒரு குட்டி ஸ்டாண்ட்பை சப்ளை இருக்கும். எக்ஸ்டி, ஏடி காலத்தில் அது இல்லை. அதனால் 330 கிலோ ஓம் அளவில் இரண்டு ரெசிஸ்டர்கள் டிரான்சிஸ்டர்களின் பேஸுக்கு, அதாவது அவற்றைக் கடத்தவைக்கும் காலுக்கு, துளிக் கரண்ட்டைக் கசியவிடும். அந்தத் துளியில் இரண்டும் தாமாகவே தட்டுத்தடுமாறி ஊசலாட ஆரம்பிக்கும். அந்த ஆட்டத்தில் டிரான்ஸ்ஃபார்மரில் கொஞ்சம் வோல்டேஜ் எழும், ஐசி விழிக்கும், விழித்ததும் பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொள்ளும். எல்லாம் கண்ணிமைப்பதற்குள் நடந்துவிடும். கிளம்புவதற்கு ஒரு ஏற்பாடு, ஓடுவதற்கு ஒரு ஏற்பாடு. கிளம்பிவிட்டால் நாள் முழுக்க ஓடுகிறது என்றால் இரண்டாவது நன்றாக இருக்கிறது. தேட வேண்டியது முதலாவதை.

இருந்தாலும் வரிசைப்படி பார்ப்பது என் வழக்கம். மெயின்ஸ் கொடுக்கும் முன் சீரிஸ் லாம்ப். எங்கள் தெரு டிவி மெக்கானிக் அண்ணன் கடையில் உட்கார்ந்து பழகியது இது. "தம்பி, முதல்ல லாம்ப்பப் போடு. அது என்ன சொல்லுதுன்னு பாரு. அப்புறம் மீட்டர எடு" என்பார். ஒரு 60 வாட் குண்டு பல்பைச் சப்ளைக்குத் தொடராகப் போட்டுவிட்டால், உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும். ஃபியூஸும் போகாது, டிரான்சிஸ்டரும் போகாது. ஒரு முறை மின்னி மங்கினால் பெரிய கெப்பாசிட்டர்கள் சார்ஜ் ஆகின்றன, ஷார்ட் இல்லை என்று அர்த்தம். எல்இடி பல்பில் இது நடக்காது, இழை இருக்கும் பல்புதான் வேண்டும். பல்பு மங்கி மங்கி எரிந்து சப்ளை திணறினால் உடனே பயப்படவும் வேண்டாம். வோல்டேஜ் குறைந்தால் இந்த சப்ளைகள் கரண்ட்டை இன்னும் அதிகம் இழுக்கும், பல்பு அதனால் இன்னும் எரியும், இரண்டும் இழுபறி போடும். லோடைக் குறைத்தால் சரியாகும்.

என் பல்பு மின்னி மங்கியது. பெரிய கெப்பாசிட்டர்களில் 160, 163 வோல்ட். இரண்டும் கிட்டத்தட்டச் சமம். ஒன்றில் 200, மற்றதில் 120 என்று காட்டியிருந்தால் கெப்பாசிட்டரையோ அதன் குறுக்கே உள்ள ரெசிஸ்டரையோ சந்தேகித்திருப்பேன். ஆக, முன் வாசல் வரை எல்லாம் சரி.

அடுத்தது ஐசி. இதற்கு மெயின்ஸே வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிவிடலாம். பெஞ்ச் சப்ளையில் 12 முதல் 15 வோல்ட் வரை எடுத்து டிஎல்494இன் 12ஆம் காலுக்கும் 7ஆம் காலுக்கும் கொடுத்தேன். 14ஆம் காலில் 5 வோல்ட் வர வேண்டும், வந்தது. வரவில்லையென்றால் பெரும்பாலும் ஐசி போய்விட்டது. 5ஆம் காலில் ரம்பப் பல் போல அலை வர வேண்டும், அதுவும் வந்தது. 4ஆம் கால் முக்கியம். அதில் 3 வோல்ட்டுக்கு மேல் நின்றால் ஐசி வாயை மூடிக்கொள்ளும். ஷார்ட் பாதுகாப்பு அதன் வழியாகத்தான் வேலை செய்கிறது. வெளியிலிருந்து ஊட்டும்போது, 5 வோல்ட் வெளியீடு இல்லையே என்று பாதுகாப்பு சர்க்யூட் அந்தக் காலைத் தூக்கிவிடுவதும் உண்டு. அப்போது சிவப்பு வயரிலும் வெளியிலிருந்து 5 வோல்ட் கொடுத்துப் பார்க்கலாம். ஐசி 'போதும்' என்று நினைத்துத் துடிப்பைச் சுருக்கிவிடாமலிருக்க அந்த 5ஐக் கொஞ்சம் குறைத்து வைக்க வேண்டும். என்னுடையதில் 4ஆம் கால் தாழ்ந்தே இருந்தது. 8, 11 கால்களில் மாறி மாறித் துடிப்பு. அதே துடிப்பு டிரைவர் டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டி 13007களின் பேஸ் வரை போகிறது. மெயின்ஸ் பிடுங்கியிருப்பதால் இங்கே ஸ்கோப் வைத்துப் பார்ப்பதில் ஆபத்து இல்லை. இந்த அலை 30 கிலோஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம். மலிவான கிட் ஸ்கோப்பே போதும்.

ஓட்டுகிற ஏற்பாடு முழுக்க நன்றாக இருப்பது கையும் களவுமாகத் தெரிந்துவிட்டது. மிச்சம் கிளப்புகிற ஏற்பாடு. அங்கே பாகங்களே சில: 330 கிலோ ஓம் இரண்டு, ஒவ்வொரு டிரான்சிஸ்டரின் பேஸ் பக்கத்திலும் 1 மைக்ரோஃபாரட் 50 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் ஒன்று, சின்ன டயோடுகள், சின்ன ரெசிஸ்டர்கள். ஒரு 330ஐ ஒரு காலைத் தூக்கி அளந்தால் மீட்டர் ஓப்பன் காட்டியது. பார்வைக்குப் புதுசு மாதிரி, நிற வளையங்கள்கூட மங்கவில்லை. வருடக்கணக்கில் 160 வோல்ட்டைத் தாங்கி நின்ற கால் வாட் ரெசிஸ்டருக்கு அது விதி. 1 மைக்ரோஃபாரட்கள் இரண்டும் ஹீட்சிங்க்கை ஒட்டி நிற்பவை, வெந்து உலர்ந்திருந்தன. ஒன்றில் 0.2 மைக்ரோஃபாரட்தான் மிச்சம். எலக்ட்ரோலிட்டிக் குளிரில் இன்னும் சோம்பும், அதனால்தான் காலையில் மக்கர், மதியத்தில் சமர்த்து. இந்த மாதிரி சமயத்தில் மெயின்ஸைப் பிடுங்கிவிட்டு ஹேர் டிரையரால் அந்த இடத்தை மட்டும் லேசாகச் சூடேற்றி, உடனே தட்டிப் பார்த்தாலே சந்தேகம் தீரும்.

இந்த இரண்டு சின்ன கெப்பாசிட்டர்களை இளக்காரமாகப் பார்க்கக் கூடாது. கிளப்புவது மட்டுமல்ல, டிரான்சிஸ்டரை டக்கென்று அணைப்பதிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு. அணைவது தாமதமானால் மேல் டிரான்சிஸ்டரும் கீழ் டிரான்சிஸ்டரும் ஒரே நேரத்தில் கடத்திவிடும், 325 வோல்ட் நேராக மைனஸுக்கு. 'டப்' என்று ஒரு சத்தம், கறுத்த ஃபியூஸ். ஒரு சின்ன பாகத்தின் விலை டீக்கு ஆகாது; அது இழுத்துக்கொண்டு போவது இரண்டு டிரான்சிஸ்டர். இந்த வகை சப்ளை எதைத் திறந்தாலும், கோளாறு எதுவாக இருந்தாலும், இந்த இரண்டை மட்டும் கேள்வி கேட்காமல் மாற்றிவிடுவேன். 330க்கு அரை வாட் ரெசிஸ்டர் போடுவது நல்லது.

மற்றபடி எல்லா கெப்பாசிட்டரையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. உள்பக்கத்துப் பெரிய 200 வோல்ட் டப்பாக்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அடிக்கடி போவது வெளிப்பக்கத்தில் 5 வோல்ட்டுக்கு நிற்கும் 2200 மைக்ரோஃபாரட் 10 வோல்ட்கள், விசிறிக் காற்றுப் படாத மூலையில் இருப்பவை. கெப்பாசிட்டரின் உள் தடையை அளக்கும் இஎஸ்ஆர் மீட்டரில் பத்தில் ஒரு ஓமுக்கும் கீழே காட்டினால் விட்டுவிடலாம். அரை ஓம் காட்டினால் தலை உப்பாவிட்டாலும் மாற்ற வேண்டும். மாற்றும்போது 105 டிகிரி, குறைந்த இஎஸ்ஆர் ரகம். கால்மாட்டில் பழுப்புக் கறையும் மீன் கவிச்சியும் இருந்தால் மீட்டரே தேவையில்லை.

ஃபியூஸ் கறுத்து வரும் சப்ளைகளும் உண்டு. அவற்றில் புது ஃபியூஸைப் போட்டு 'பார்ப்போமே' என்று தட்டுவது வீண். கண்ணாடி கறுத்திருந்தால் பெரிய ஷார்ட். பிரிட்ஜ் டயோடுகள், இரண்டு டிரான்சிஸ்டர்களின் கலெக்டர்–எமிட்டர் இரண்டையும் பார்த்தால் பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும். டிரான்சிஸ்டர் போயிருந்தால் ஜோடியாக மாற்ற வேண்டும், அதன் பேஸில் இருக்கும் சின்ன ரெசிஸ்டரும் டயோடும் கூடவே போயிருக்கும். டிரான்சிஸ்டரை ஹீட்சிங்க்கிலிருந்து பிரித்து வைக்கும் மைக்கா தாளைத் திரும்ப ஒழுங்காக வைத்தோமா, கலெக்டர் ஹீட்சிங்க்கோடு தொடுகிறதா என்று ஓம் பார்த்துவிட்டு, சீரிஸ் லாம்ப் வழியாகத்தான் முதல் தடவை.

நம் ஊரில் இந்த சப்ளைகள் சாக இன்னொரு வழி பின்பக்கத்து 115/230 தேர்வுச் சுவிட்ச். அதை 115இல் தள்ளிவிட்டால் உள்ளே வோல்டேஜ் இரட்டிப்பு சர்க்யூட் ஆகிவிடும். 230 வோல்ட் வரும்போது ஒவ்வொரு 200 வோல்ட் கெப்பாசிட்டர் மேலும் 325 வோல்ட் ஏறும். அப்புறம் அறை முழுக்கக் காகிதத் துணுக்கும் நாற்றமும்தான். வீட்டில் நோண்டுகிற குழந்தை ஒன்று போதும். நான் அந்தச் சுவிட்சுக்குப் போகும் வயர் ஒன்றை உள்ளேயே கழற்றி, ஸ்லீவ் போட்டு மடக்கிவிடுகிறேன். 115 வோல்ட் ஊருக்கு இந்தப் பெட்டி போகப்போவதில்லை.

இன்னொரு ரகக் கோளாறு இவற்றைவிட ஏமாற்றும். விசிறி ஓடும், 5 வோல்ட் இருக்கும், 12 இருக்கும், ஆனால் கம்ப்யூட்டர் பிணம் மாதிரி கிடக்கும். அப்போது பி8இன் முதல் பின்னைப் பார்க்க வேண்டும், ஆரஞ்சு வயர், பவர் குட். வோல்டேஜ்கள் எல்லாம் நிலைத்த பிறகு கொஞ்சம் தாமதித்து அது 5 வோல்ட்டுக்கு எழும். எழும் வரை 8284 கிளாக் ஐசி பிராசசரை ரீசெட்டிலேயே பிடித்து வைத்திருக்கும். எழவே இல்லையென்றால் சப்ளைக்குள் வோல்டேஜ்களை ஒப்பிட்டுப் பார்க்கும் எல்எம்339 ஐசி பக்கம் தேடலாம். சீக்கிரமே எழுந்துவிட்டால் வேறு விளைவு: ஆன் செய்தால் தொங்கும், ரீசெட் பட்டனை அழுத்தினால் கிளம்பிவிடும். ரீசெட் பட்டன் குளோன்களில்தான் இருக்கும், ஐபிஎம் எக்ஸ்டியில் கிடையாது. இந்த விஷயத்தில் குளோன் வைத்திருப்பவர் பாக்கியசாலி.

கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே தொங்கினால், 5 வோல்ட்டை சப்ளை முனையில் அளக்காமல் மதர்போர்டில், ஒரு ஐசியின் காலிலேயே அளக்க வேண்டும். சப்ளையில் 5.05, ஐசியில் 4.6 என்றால் நடுவில் கனெக்டர் கறுத்துப்போயிருக்கிறது. உள்ளே ஒரு திருகு பிரிசெட் இருக்கிறதே, கொஞ்சம் ஏற்றிவிடலாம் என்று கை பரபரக்கும். ஏற்றினால் 12 வோல்ட்டும் கூடவே ஏறும், ஏனென்றால் எல்லா வெளியீடும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் தொங்குகின்றன, ஐசி முக்கியமாகப் பார்த்துக்கொள்வது ஐந்தைத்தான். கனெக்டரைத் துடைத்து, பின்களை இறுக்கினால் போதும்.

பாகங்களுக்குச் சென்னை ரிச்சி தெருவில் அலையலாம். ஆனால் 13007 என்று அச்சடித்து வருவதெல்லாம் 13007 இல்லை. அதைவிட, தூக்கி எறியப்பட்ட ஏடிஎக்ஸ் சப்ளை ஒன்றை எடைக்கடையில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. சாதாரண மலிவு ரகங்களில் பலதிலும் அதே டிஎல்494 அல்லது கேஏ7500, அதே டிரான்சிஸ்டர் ஜோடி, அதே டிரைவர் டிரான்ஸ்ஃபார்மர் அமைப்புதான் இருக்கும். எலக்ட்ரோலிட்டிக்குகளை மட்டும் அதிலிருந்து எடுக்க வேண்டாம், அவற்றைப் புதிதாக வாங்குங்கள். ரிப்பேர் முடிந்ததும் 2.2 ஓம் ரெசிஸ்டரும் இண்டிகேட்டர் பல்பும் மாட்டி, மூடியைப் போட்டு, ஒரு மாலை முழுக்க ஓடவிட்டு, சூடேறிய பிறகும் ஆறின பிறகும் மறுபடி கிளம்புகிறதா என்று பார்த்துவிட்டு மதர்போர்டில் மாட்டுங்கள். அளந்த வோல்டேஜ்களை ஒரு பேப்பர் டேப்பில் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிட்டால் அடுத்த முறை திறப்பவருக்கு உதவும், அது நீங்களாகவே இருந்தாலும்.